பழைய ஸ்பீட்மாஸ்டர் டயல்: ஒரிஜினலா, சர்வீஸ் டயலா, ரீடயலா?

1960-களின் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் கைக்கடிகாரம் ஒன்று விலைக்கு வந்தால், அதில் இருக்கிற டயல் கம்பெனியிலிருந்து வந்த அதே டயலாக இருக்கலாம், பின்னாளில் சர்வீஸுக்குப் போனபோது கம்பெனியே மாற்றிப் போட்டதாக இருக்கலாம், இல்லையென்றால் யாரோ பழைய பெயின்டைச் சுரண்டிவிட்டு மறுபடி அச்சடித்த ரீடயலாக இருக்கலாம். போட்டோவில் மூன்றும் ஒரே கருப்புதான். விலையில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். என் ஓட்டு, கொஞ்சம் தேய்ந்து லூம் (இருட்டில் ஒளிர்கிற பூச்சு) பழுப்பேறிப்போன ஒரிஜினலுக்கு. அடுத்த இடம் சர்வீஸ் டயலுக்கு, அதுவும் விலையைக் குறைத்துக் கொடுத்தால். ரீடயல் பக்கம் நான் போவதில்லை. ஒருமுறை போய்ப் பட்டுவிட்டேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

சர்வீஸ் டயலைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் எளிது. அறுபதுகளின் நடுவில் லூமுக்குப் போட்டது டிரிட்டியம் என்கிற கதிரியக்கப் பொருள். அதன் அரைவாழ்வு 12.3 வருஷம்தான் என்பதால், இன்றைக்கு அது கிட்டத்தட்ட ஐந்து தடவை பாதி பாதியாகக் குறைந்திருக்கும். அப்படிப்பட்ட வாட்ச் இரவில் பளிச்சென்று ஒளிர்கிறது என்றால் டயல் பின்னால் வந்தது, அல்லது லூமைப் புதிதாகப் பூசியிருக்கிறார்கள். கள்ளநோட்டு பார்க்கிற யு.வி. டார்ச்சை அடித்து அணைத்துப் பாருங்கள். பழைய டிரிட்டியம் உடனே மங்கிவிடும், புது லூம் நெடுநேரம் ஒளிரும். டயல் ஒரு நிறத்திலும் முட்கள் வேறு நிறத்திலும் ஒளிர்ந்தால், இரண்டில் ஒன்று மாறியிருக்கிறது.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. எண்பதுகளில் மாற்றிய சர்வீஸ் டயலிலும் டிரிட்டியம்தான், டயலில் 'ஸ்விஸ் மேட்' என்பதற்கு இருபுறமும் டிரிட்டியத்தைக் குறிக்கிற 'டி' எழுத்தும் இருக்கும், இந்நேரம் அதுவும் பழுப்பேறியிருக்கும். அங்கே டார்ச் உதவாது, லோகோவைப் பார்க்க வேண்டும். 321 என்ற மூவ்மென்ட் (உள்ளே ஓடுகிற இயந்திரம்) போட்ட ஸ்பீட்மாஸ்டர்களில் ஒமேகா சின்னம் தனியாகச் செய்து ஒட்டிய உலோகம். அறுபதுகளின் கடைசியில், 861 மூவ்மென்ட் வந்த பிறகுதான் சின்னம் பெயின்ட் ஆனது. உள்ளே 321 இருந்து, டயலில் பெயின்ட் லோகோ இருந்தால் பேச்சே வேண்டாம், டயல் மாறியதுதான். அதே மாதிரி, 1965-ல் அமெரிக்க விண்வெளி வீரர் எட் ஒயிட் விண்வெளியில் நடந்தபோது கட்டியிருந்த 105.003 ரகத்தில் 'புரொஃபெஷனல்' என்ற சொல் டயலில் கிடையாது, 105.012-ல்தான் அது வந்தது. 105.003 என்று சொல்லி விற்கிற வாட்ச்சில் அந்தச் சொல் இருந்தால், விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, டயல் வேறு வாட்ச்சுக்கு உரியது.

ரீடயல் கதை வேறு. இங்கே வருஷக் கணக்கு உதவாது, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ்தான் உதவும். ஒரிஜினல் அச்சில் எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டிய மாதிரி இருக்கும், மை லேசாக மேடிட்டிருக்கும். ரீடயலில் எழுத்துகள் தடித்து, நுனிகள் மழுங்கி, இடைவெளி ஏறுக்கு மாறாக இருக்கும். சின்ன டயல்களுக்குள் நெருக்கமான வட்டக் கோடுகள் இருக்கிற வாட்ச் என்றால் அங்கேதான் குட்டு உடையும், பெயின்ட் அந்தக் கோடுகளுக்குள் இறங்கி அடைத்திருக்கும்.

நான் ஏமாந்தது இதில்தான். வால்ஜூ 7733 மூவ்மென்ட் போட்ட, பெரிய பேர் இல்லாத ஒரு கிரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் உள்ள கைக்கடிகாரம்), டயல் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்ததைப் பார்த்து மயங்கி வாங்கினேன். டயல் ஓரத்தில் வேகம் பார்க்கிற டாக்கிமீட்டர் அளவு. 3600-ஐ, ஒரு கிலோமீட்டர் கடக்க ஆகிற விநாடியால் வகுத்தால் வருகிற எண்தான் அது என்பதால், 30 விநாடிக்கு, அதாவது ஆறு மணிக் குறிக்கு நேர் கீழே, 120 நிற்க வேண்டும், 45-க்கு நேராக 80. என் வாட்ச்சில் 80 சரியாக இருந்தது, 120 மட்டும் ஒரு நூல் தள்ளி நின்றது. வாங்கி இரண்டு வாரம் கழித்துத்தான் கவனித்தேன். ரிப்பேர்க்காரர் திறந்து காட்டினார், டயலைப் பிடித்து நிறுத்துகிற இரண்டு செம்புக் கால்களில் ஒன்று உடைந்து போய், பசை தடவி ஒட்டியிருந்தது.

இப்போதெல்லாம் நல்ல விலை சொல்கிறவரிடம் டயலின் பின்பக்கப் படம் கேட்கிறேன். ஸ்பீட்மாஸ்டர் டயல்களைச் செய்தது சுவிட்சர்லாந்தின் லா ஷோ-டி-ஃபோன் ஊரின் சிங்கர் நிறுவனம், ரோலெக்ஸ் டேடோனா டயல்களைச் செய்ததும் அதே நிறுவனம்தான், பின்னால் அதன் முத்திரை இருந்தால் தெம்பாக இருக்கும். படம் தர முடியாது என்றால் சரி, ரீடயல் விலைக்குத்தான் கேட்பேன். அந்த வால்ஜூ இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, மழை நாட்களில் கட்டுகிறேன்.