சீலைப் போர்வை: மெசினா, கையா?

கிளிநொச்சியில் மார்கழி, தை இரவுகளுக்கு மட்டுமே போர்வை தேவைப்படுவதால், குளிர்நாடுகளில் செய்வதுபோல இடையில் பஞ்சு வைத்துத் தைப்பது இங்கே வீண்வேலை. மிஞ்சுவன இரண்டு வழிகள்: துணியைச் சதுரங்களாக வெட்டி மெசினில் பொருத்துவது, அல்லது வங்காளப் பெண்களின் காந்தா வேலையைப்போலப் பழைய சீலைகளை அடுக்கிக் கையால் நூலோடுவது.

முதலில் மெசினில்தான் தைத்தேன். 60க்கு 90 அங்குலப் போர்வைக்கு ஐந்தரை அங்குலச் சதுரங்கள் 216 வெட்டினேன். ஒவ்வொரு பக்கத்திலும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். மூன்று வாரத்தில் மேற்பக்கம் முடிந்தது. அடித்துணியோடு சேர்த்துத் தைத்தபோதுதான் சிக்கல் தொடங்கியது: மெசினின் பல் அடித்துணியை இழுக்க, மேற்துணி பின்தங்கிச் சுருங்கியது. புதிய சிவப்புத் துணியை நனைத்துப் பார்க்காமல் வெட்டிய என் அவசரத்தால், முதற் கழுவலிலேயே பக்கத்து வெள்ளைச் சதுரங்கள் றோஸ் நிறமாகிவிட்டன. பலமுறை தோய்த்துச் சாயம் போய், சுருங்க வேண்டியதும் சுருங்கிவிட்ட பழைய சீலையில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

ஆனாலும் சீலையை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. 2009இல் பதுங்குகுழிக்கு மண்மூட்டை தைப்பதற்காக அம்மாவின் சீலைகள் ஒவ்வொன்றாகக் கத்தரிக்குப் போயின. மிஞ்சியவை இரண்டு நூற்சீலைகள். ஐந்தரை யார் சீலையை நடுவே மடித்தால் நீளம் 99 அங்குலம் வரும். இரண்டையும் மடித்து அடுக்கினால், ஒரு வெட்டும் விழாமல் நான்கு மடிப்புப் போர்வை ஆகிவிடும்.

விலை நேரம்தான். 45 அங்குல அகலத்தில் அரை அங்குலத்துக்கு ஒரு வரி என்றால் ஏறக்குறைய 90 வரிகள்; ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வரி என்றால் ஒன்றே முக்கால் வருடம். தொடங்கியதைப் பாதியில் போட்டுவிடும் பழக்கமுள்ள எனக்கு அந்தக் கணக்கே பயமாக இருந்தது. மெசின் தையலில் பிழையை அடித்துணிக்குள் மறைக்கலாம் (நானும் நிறையவே மறைத்திருக்கிறேன்). நூலோட்டமோ இரண்டு பக்கமும் தெரியும். முதல் மாதங்களில் கோணிய வரிகளை எரிச்சலோடு அறுத்தெறிந்தவள், இப்போது ஊசிமுனையால் ஒவ்வொரு தையலாகத் தூக்கி, அதே நூலை மீண்டும் கோக்கிறேன்.

அதைவிடப் பெரிய வித்தியாசம் சத்தம். மெசின் ஓடினால் வீட்டில் பேச்சு நின்றுவிடும். கைத்தையலுக்குப் பக்கத்தில் அம்மா வந்து குந்திவிடுவார். எந்தச் சீலையை எங்கே வாங்கினார், எதைக் கிழித்து மூட்டை தைத்தார் என்று பன்னிரண்டு வருடமாகச் சொல்லாததையெல்லாம் முப்பதாவது வரிக்குப் பிறகுதான் சொல்லத் தொடங்கினார்.

விடுதிக்குப் போகும் பிள்ளைக்கு, வாராவாரம் தோய்த்துப் போடுவதற்கு என்றால் மெசின் போர்வையையே சொல்வேன். நெருக்கமான தையல் அடித்துத் துவைத்தாலும் தாங்கும். சீலைப் போர்வையில் இன்னும் 14 வரிகள் இருக்கின்றன. போன கிழமை ஒரு வரி கோணியபோது நான் ஊசியைத் திருப்ப, "அவிழ்க்காதை பிள்ளை, அது நான் தைச்சது" என்றார் அம்மா.