பாளையங்கோட்டை ஆய்வகத்தில் ஒரு காந்தப்புல உணரிப் பலகை

மின்னோட்டமும் காந்தமாக்கமும் ஒன்றையொன்று பாதிக்கும் விதத்தை இளங்கலை மாணவர்களுக்குக் குறைந்த செலவில் காட்டுவதற்காக, திருநெல்வேலிச் சந்திப்புப் பக்கமுள்ள ஒரு மின்னணுக் கடையில், மூன்று அச்சுகளிலும் புலத்தை அளக்கும் திசைகாட்டிப் பலகை ஒன்றை வாங்கினோம். சில நூறு ரூபாய்க்குள் அடங்கும் இப்பொருள் அந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். விற்ற விதம்தான் சரியில்லை.

பலகையிலுள்ள உணரிச் சில்லின் உள்ளே இருப்பது, ஏறத்தாழ 80 விழுக்காடு நிக்கலும் மீதி இரும்பும் கலந்த பெர்மலாய் மென்படலம். பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன் 1857இல் இரும்பிலும் நிக்கலிலும் கண்டறிந்தவாறு, காந்தமாக்கத்துக்கு இணையாக மின்னோட்டம் பாயும்போது மின்தடை கூடுகிறது, செங்குத்தாகப் பாயும்போது குறைகிறது. எலக்ட்ரானின் தற்சுழற்சி அதன் சுற்றுப்பாதை இயக்கத்தோடு பிணைந்திருப்பதால், அது சிதறடிக்கப்படும் அளவும் காந்தமாக்கத்தின் திசைக்கேற்ப மாறுகிறது. பெர்மலாயில் இந்த மாற்றம் இரண்டு, மூன்று விழுக்காடுதான். ஆயினும் வீட்ஸ்டன் சமனச்சுற்றில் நான்கு படலங்களைப் பொருத்தினால் அது தெளிவாக அளக்கக்கூடிய மின்னழுத்தமாகிவிடுகிறது.

மாணவர்கள் அதிகம் ரசித்தது மறுதலையான விளைவை. வலுவான காந்தம் ஒன்றை அருகில் கொண்டுபோய் விலக்கினால், படலத்தின் காந்தக் களங்கள் (காந்தமாக்கம் ஒரே திசையில் நிற்கும் சிறு பகுதிகள்) சிதறி, அளவீடு பிறழ்ந்துவிடுகிறது. படலத்தை ஒட்டிய கடத்திப் பட்டையில் ஒரு குறுகிய மின்துடிப்பைச் செலுத்தினால், அதன் புலம் களங்களை மீண்டும் ஒரே திசையில் அடுக்கிவிடுகிறது. காந்தமாக்கத்தைப் படிப்பதும் மின்னோட்டம், அதைத் திருத்துவதும் மின்னோட்டம் என்பதை, இரண்டு கருவிகள் இல்லாமல் ஒரே சில்லில் காட்ட முடிகிறது.

காந்த நடுக்கோட்டை ஒட்டிய நம் மாவட்டத்தில் புவிப்புலம் ஏறத்தாழ 0.4 காஸ் (40,000 நானோடெஸ்லா) அளவில், கிட்டத்தட்ட முழுவதும் கிடையாகவே இருக்கிறது. பலகையைச் சமதளத்தில் வைத்தால் செங்குத்து அச்சு சுழிக்கு அருகில் நிற்பது, அளவீட்டைச் சரிபார்க்க நமக்குக் கிடைத்த வசதி. (இரும்பு பீரோ உள்ள அறையில் இதை முயல வேண்டாம்.) ஆனால் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் ஆராயும் நிலநடுக்கோட்டு மின்தாரையை, அதாவது காந்த நடுக்கோட்டின் மேல் உயர் வளிமண்டலத்தில் பகலில் ஓடும் மின்னோட்டத்தை, இதனால் பிடித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம்: நண்பகலில் அது கிடைப்புலத்தில் கூட்டுவது 100 நானோடெஸ்லா என்ற அளவில்தான்; இச்சில்லின் பிரிதிறனோ ஏறத்தாழ 200.

இனி குறை. உறையில் எச்எம்சி 5883எல் என்ற சில்லின் பெயர் இருந்தது. உள்ளே இருந்தது க்யூஎம்சி 5883எல். கணினி சில்லை அழைக்கும் எண்ணான முகவரி முன்னதற்கு 30, பின்னதற்கு 13 என்பதால், கடைக்காரர் கொடுத்த நிரல் சில்லைக் கண்டுகொள்ளவே இல்லை. சில்லின் அமைப்புகளை வைத்திருக்கும் நினைவிடங்களில் 11ஆம் பதிவேட்டில் 1 எழுதும் வரியும் அந்நிரலில் விடுபட்டிருந்தது. களங்களை மீண்டும் அடுக்கும் அந்த மீட்டமைப்புத் துடிப்புக்கு அது வேண்டும். இரண்டு சில்லுகளும் ஒரே தத்துவத்தில் இயங்குவன என்பதால் பாடத்துக்கு நட்டமில்லை. வாங்குவோர் சில்லின் மேல் பொறித்த எழுத்தை உருப்பெருக்கியில் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம்.