தெசாயியின் 8-ஆம் இலக்கச் சட்டை: இரண்டு மாதம் போட்ட பிறகு

கடைக்காரர் முதலில் 10-ஐத்தான் எடுத்துப் போட்டார். 1998 உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்தில் பிரான்ஸ் போட்ட நீலச் சட்டையைக் கேட்டு வருகிறவர்களில் அநேகம் பேர் சிடானின் பெயரைத்தான் அடிக்கச் சொல்வார்களாம். "எனக்கு 8, தெசாயி" என்றேன். அதே அணியின் பின்வரிசை ஆட்டக்காரர் அவர். எழுத்துகளைத் தேடி எடுக்க அவருக்குக் கால் மணி நேரம் பிடித்தது.

பாரிஸின் வடக்குப் பக்கம், பழைய ஆட்டச் சட்டைகளின் மறுபதிப்பு விற்கிற சின்னக் கடை அது. கடையின் பெயர் வேண்டாம். சட்டையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். சட்டை 65 ஈரோ, பெயரும் இலக்கமும் அடிக்க 15. என் சம்பளத்துக்கு 80 ஈரோ சின்னக் காசு இல்லை. ஆனால் இந்தச் சட்டையை நான் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக மனதில் வைத்திருந்தேன்.

நீலம் சரியான நீலம். நெஞ்சுக்குக் குறுக்கே சிவப்புப் பட்டை, அதன் கீழே மெல்லிய வெள்ளைக் கோடுகள். 1984-இல் பிளாத்தினியின் அணி ஐரோப்பியக் கிண்ணம் வென்றபோது போட்டிருந்த சட்டையை நினைவில் வைத்துச் செய்த வடிவம் அது. மறுபதிப்பிலும் கோடுகள் நேராக இருக்கின்றன. துணி பொலியஸ்டர், கொஞ்சம் மினுக்கம், வியர்வை சீக்கிரம் காய்கிறது. அளவில்தான் கவனம் வேண்டும். அந்தக் காலத்துச் சட்டைகள் தொளதொளவென்று காற்றில் படபடக்கும். இதை இப்போதைய பாணியில் உடம்போடு ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். நான் எம் (M) அளவு போட்டுப் பார்த்துத் தோள் பிடித்ததால் எல் (L) அளவுக்கு மாற்றினேன். நீங்களும் ஓர் அளவு கூட்டியே எடுங்கள்.

பெரிய பிழை ஒன்று இருக்கிறது. பிரான்ஸ் அணியின் சேவல் சின்னத்துக்கு மேலே ஒரு நட்சத்திரம் தைத்திருக்கிறார்கள். 1998 ஜூலை 12 இரவு பிரான்ஸ் முதல் தடவையாக உலகக் கிண்ணத்தை வென்ற பிறகுதான் அந்த நட்சத்திரம் வந்தது. இறுதியாட்டச் சட்டையில் அது எப்படி இருக்கும்? கடையில் சொன்னேன். "எல்லாம் ஒன்றுதானே" என்றார்கள். எனக்கு ஒன்றில்லை. வீட்டில் மனைவி பொறுமையாக ஊசியால் நூலைப் பிரித்து எடுத்துத் தந்தா. தடம் இன்னும் லேசாகத் தெரிகிறது. வாங்குகிறவர்கள் நட்சத்திரம் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள்.

ஏன் 8 என்று என் மகனே கேட்டான். அவனுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

மார்செல் தெசாயி 1968-இல் கானாவின் அக்ராவில் பிறந்தவர். பிறந்தபோது வைத்த பெயர் ஒடென்கே அபே. தாயார் அங்கிருந்த பிரெஞ்சுத் தூதரக அதிகாரியைத் திருமணம் செய்ய, நாலு வயதில் புதுப் பெயரோடு பிரான்சுக்கு வந்து நாந்த் நகரில் வளர்ந்தார். அண்ணன் சேத் அடோன்கோரும் நாந்த் கழக ஆட்டக்காரர். 1984-இல் கார் விபத்தில் இறந்துபோனார். மார்செலுக்கு அப்போது பதினாறு வயது. அதே கழகத்தின் பயிற்சிப் பள்ளியில்தான் இருந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த நண்பன் டிடியே தெஷாம்ப். உலகக் கிண்ணம் வென்ற அணியில் தெஷாம்ப்தான் தலைவர்.

1993-இல் மார்செய் கழகத்துக்காக ஆடி, இத்தாலியின் மிலான் கழகத்தைத் தோற்கடித்து, கழகங்களுக்கான ஐரோப்பியச் சம்பியன் கிண்ணம் எடுத்தார். அதே வருடக் கடைசியில் மிலான் அவரை வாங்கியது. 1994-இல் மிலானோடு, பார்சலோனாவை 4-0 என்று வென்று மறுபடியும் அதே கிண்ணம். நான்காவது கோல் அவர் அடித்தது. அடுத்தடுத்த வருடங்களில் வேறு வேறு கழகங்களோடு அதை வென்ற முதல் ஆள் அவர்தான். மிலானில் பயிற்சியாளர் கப்பெல்லோ அவரை நடுக்களத்தில் நிறுத்தினார். பிரான்சுக்கு ஆட வந்தால் பின்வரிசையின் நடுவில். எங்கே விட்டாலும் அந்த வழி அடைபட்டுவிடும். லண்டனின் செல்சி கழகத்தில் ஆடியபோது ஆங்கிலேயர்கள் "பாறை" என்றே கூப்பிட்டார்கள்.

1993 முதல் 2004 வரை பிரான்சுக்காக 116 ஆட்டம், 3 கோல். அந்த மூன்றைச் சொல்லி யாரும் சட்டை வாங்க மாட்டார்கள் என்று தெரியும். என்னிடம் கேட்டால் மற்றக் கணக்கைச் சொல்வேன்: 98-இல் ஏழு ஆட்டங்களில் பிரான்ஸ் வாங்கியது இரண்டே கோல், அதிலும் ஒன்று டென்மார்க்கின் பெனால்டி. பின்வரிசையில் துராம், பிளாங், தெசாயி, லிசராசு நால்வரும் சேர்ந்து தொடங்கிய ஆட்டம் ஒன்றில்கூட பிரான்ஸ் தோற்கவில்லை.

1996-இல் தீவிர வலதுசாரிக் கட்சித் தலைவர் லுபென், வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து பிரான்ஸ் அணி என்று பெயர் வைக்கிறார்கள் என்று பேசினார். நான் இங்கே வந்து அப்போது இரண்டு வருடம். பிரெஞ்சு அரைகுறையாகத்தான் விளங்கும். அந்தப் பேச்சு முழுதாக விளங்கியது.

பிரேசிலோடு இறுதியாட்டம் நடந்த இரவு நான் ஒரு ரெஸ்டாரண்டில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றேன். சமையலறையில் ரேடியோ, முன்பக்கத்தில் சின்னத் தொலைக்காட்சி. சிடானின் இரண்டு கோலுக்கும் ஈரக் கையோடு ஓடினோம். 68-ஆவது நிமிடம் தெசாயி கஃபுவை விழுத்தி, இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியே போனார். அரையிறுதியிலேயே பிளாங்குக்குச் சிவப்பு அட்டை. நால்வரில் மிச்சம் இரண்டு பேர், எதிரே ரொனால்டோ. பெரிய சமையல்காரர் அடுப்பைக் குறைத்துவிட்டு ரேடியோவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். யாரும் பேசவில்லை. கடைசி நிமிடத்தில் வியெரா கொடுத்த பந்தில் எம்மானுவேல் பெட்டி பிரான்சின் மூன்றாவது கோலை அடித்தார். செனகலின் தக்காரில் பிறந்த பிள்ளை வியெரா. அதை இரண்டு தடவை சத்தமாகச் சொன்னவர் எங்களோடு வேலை செய்த மாலி நாட்டுக்காரர்.

அந்த ஓர் அட்டையை வைத்து தெசாயியைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு நான் வாக்குவாதப்பட்டிருக்கிறேன். இரண்டு வருடத்தில் அவர் பிரான்சோடு ஐரோப்பியக் கிண்ணமும் வென்றார். தெஷாம்ப் போன பிறகு தலைவர் பட்டியும் அவர் கையில்தான். 2002-இல் முதல் ஆட்டத்திலேயே செனகலிடம் தோற்று, ஒரு கோலும் அடிக்காமல் திரும்பிய அணிக்கும் அவர்தான் தலைவர். அதன் பிறகும் இரண்டு வருடம் ஆடினார்.

சரி, எழுத்து அடித்த வேலைக்கு வருகிறேன். முதுகில் பெயரும் 8-உம் மட்டும் அடித்துத் தந்தார்கள். அந்த உலகக் கிண்ணத்தில் நெஞ்சிலும் சின்னதாக இலக்கம் இருந்தது. மறுபடி போய்க் கேட்டு, இன்னும் 5 ஈரோ கொடுத்து அடிப்பித்தேன். நாலாவது தடவை துவைத்தபோது பெயரின் கடைசி எழுத்து ஓரத்தில் கிளம்பத் தொடங்கியது. உட்புறம் வெளியே வரத் திருப்பி, 30 பாகைக்கு மேல் போகாமல் துவைத்தும் இப்படி. திருப்பிக் கொண்டுபோனதும் முகம் சுளிக்காமல் சூடு வைத்து ஒட்டித் தந்தார்கள். அதற்குக் காசு கேட்கவில்லை. இப்போது கையால்தான் துவைக்கிறேன்.

போன கிழமை லா கூர்னெவில் டிராமில் ஏறினேன். பின்னால் நின்ற வயதான ஆபிரிக்கர் ஒருவர் என் முதுகைத் தட்டி "ஆ, மார்செல்!" என்றார். இரண்டு தரிப்பிடம் வரை மிலான் ஆட்டங்களைப் பற்றிப் பேசிக்கொண்டு போனோம். 10 போட்டிருந்தால் தட்டியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

துணிக்கும் நிறத்துக்கும் கொடுத்த காசு தகும். எழுத்து அடிக்கும் வேலைக்கு 15 ஈரோ அதிகம். மகனுக்கு துராமின் 15 வேண்டுமாம். நட்சத்திரம் இல்லாத சட்டை வந்தால் சொல்லும்படி கடையில் என் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.