மதுரைக்கு எந்தப் போர்வை? இரண்டு வாங்கி ஒன்றரை மாதம் போர்த்திப் பார்த்தேன்

மதுரையில் இருந்துகொண்டு போர்வைக்கு விமர்சனம் எழுதுகிறானே என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். மார்கழி பாதி தாண்டும்வரை நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், அதுவும் காசு கொடுத்து வாங்கிவிட்டு.

வாங்கியது இரண்டு. ஒன்று சென்னிமலைப் பருத்திப் போர்வை, இரண்டு பேர் போர்த்துகிற அளவு, விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் 750 ரூபாய். இன்னொன்று மிங்க் கம்பளி என்கிறார்களே, புசுபுசுவென்று பெரிய ரோஜாப்பூ போட்டு, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் வருமே, அது. ஒத்தக்கடையிலிருந்து மாட்டுத்தாவணி வருகிற வழியில் ரோட்டோரமாக வேனை நிறுத்தி விற்றுக்கொண்டிருந்தார்கள். 1,800 சொன்னதை 1,200க்குப் பேசி வாங்கினேன். அந்தப் பெருமை ஒரு வாரம் நின்றது. அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரர் அதே வேனில் அதே ரோஜாப்பூவை 900க்கு வாங்கி வந்தார்.

எல்லாம் அம்மாவுக்காகத்தான். "ஏய்யா, இந்த வருசம் பனி கடுமையா இருக்கும்னு சொல்றாக, எனக்கு ஒரு நல்ல கம்பளியா பாத்து வாங்கியா" என்று கார்த்திகையிலேயே ஆரம்பித்துவிட்டாள். வயது 70 தாண்டிவிட்டது, கட்டில் வாங்கிப் போட்டும் அதில் படுக்கமாட்டாள், தரையில் கோரைப்பாய்தான்.

மார்கழி பிறந்தது, பனியைத்தான் காணோம். மழை விட்டும் விடாமலும் வானம் மூடியே கிடந்தது. ராத்திரி பத்து மணிக்கு மொபைலில் 26 டிகிரி, விடியற்காலையில் 24. வழக்கமாக மதுரையில் இந்தப் பருவத்தில் அதிகாலை 20, 21க்கு வந்துவிடும். கோயில் ஒலிபெருக்கி பாட ஆரம்பிக்கிற நேரத்திலும் எங்கள் வீட்டில் ஃபேன் நாலில் ஓடியது. ஜிகர்தண்டா கடையில் சித்திரை மாதிரி கூட்டம். தெருமுனைப் பருத்திப்பால் வண்டிக்காரர் "புழுங்குதுண்ணே, இதுல சுக்கு போட்ட பாலை எவன் குடிக்கிறான்" என்று நொந்துகொண்டார்.

எனக்கு இது வேலையிலேயே தெரிந்தது. பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன், விடியற்காலை மூன்றரைக்கு வண்டியை எடுக்கிறவன். மார்கழியில் பனி விழுந்தால் மல்லிகை மொட்டு சிறுத்துக் கருகும், வரத்து விழும், விலை ஏறும், வருசா வருசம் நடக்கிறதுதான். இந்த முறை மார்கழி மூன்றாவது வாரம் வரை மூட்டை மூட்டையாகப் பூ வந்து இறங்கியது. அப்போதே யோசித்திருக்க வேண்டும், இந்த வருசம் கம்பளிக்கு வேலையில்லை என்று. ஆனால் வேன்காரர் பில்லும் தரவில்லை, திரும்ப எடுத்துக்கொள்கிறவராகவும் தெரியவில்லை.

சரி, அந்தப் புழுக்கத்தில் இரண்டும் எப்படி இருந்தன என்றால், மிங்க் கம்பளியைப் போர்த்திய பத்தாவது நிமிடம் கழுத்தடியில் பிசுபிசுவென்று வியர்த்துவிடும். அது முழுக்க பாலியஸ்டர், வியர்வையை உறிஞ்சாது, உள்ளேயே நிறுத்திவைக்கும். கம்பளி என்பது பேருக்குத்தான், ஆட்டு ரோமம் ஒரு இழைகூட இல்லை. முதல் வாரம் முழுக்க பஞ்சு உதிர்ந்தது, சட்டையெல்லாம் ரோஸ் கலர் தூசி. மகள் அதைப் பூனை என்று கூப்பிட ஆரம்பித்தாள். சென்னிமலைப் போர்வையோ அந்தச் சூட்டிலும் தொந்தரவு தரவில்லை, ஃபேனைப் போட்டுக்கொண்டு கொசுவுக்காகப் போர்த்தினாலும் வியர்வையை வாங்கிக்கொண்டது. ஒரே குறை, சாயம். முதல் அலசலில் கல்லுப்பு போட்டு ஊறவைத்தும் வாளித் தண்ணீர் மெரூன் ஆகிவிட்டது. கூட நனைத்த என் வெள்ளை வேட்டி இப்போது வீட்டில் மட்டும் கட்டுகிற வேட்டி. கடையில் போய்ச் சொன்னால், "தனியா நனைக்கணும்னு தெரியாதாண்ணே" என்றார் கல்லாவில் இருந்தவர். தெரியும்தான், ஆனாலும் விற்கும்போது ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடும்?

அப்புறம் பொங்கலுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது வானம் பளிச்சென்று திறந்தது. பகலில் குடித்த வெயிலைத் தரை ராத்திரியில் மேலே விடும், மேகம் இருந்தால் அந்தச் சூட்டைத் திருப்பிக் கீழேயே அனுப்பும். மார்கழி முழுக்க வானமே நமக்குப் போர்த்திவிட்டிருந்தது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மேகம் விலகி, வறண்ட வாடைக்காற்றும் வந்துவிட்டால் அத்தனை சூடும் விடிவதற்குள் போய்விடுகிறது. அதனால்தான் ராத்திரி பத்து மணிக்கு ஒன்றும் தெரியாது, நாலு மணிக்குப் பல் அடிக்கும். மொபைலில் 18 பார்த்தேன். வடக்கே இருக்கிறவர்களுக்கு இது குளிரே இல்லை, எனக்கும் வீட்டுக்குள் நிற்கிறவரை இல்லை. யானைமலை ஓரமாக வண்டியில் வரும்போது விரல் மரத்துப்போய் கிளட்ச் பிடிக்க வரவில்லை. மார்க்கெட்டில் மல்லி வரத்து இரண்டே நாளில் பாதிக்கும் கீழே போனது.

அந்த வாரம்தான் போர்வைகளுக்கு உண்மையான பரீட்சை. பருத்திப் போர்வை ஒற்றையாக இருந்தால் மூன்று மணிக்கு மேல் தாங்கவில்லை, இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இரண்டாக மடித்துப் போர்த்தினால் போதும், இரண்டு அடுக்குக்கு நடுவில் நிற்கிற காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. ஆனால் மடித்தால் அது ஒரு ஆளுக்குத்தான் வரும். அதனால் மதுரைக்காரர்கள் தடியாக ஒன்று வாங்குவதைவிட மெல்லியதாக இரண்டு வாங்குங்கள், மேகமான ராத்திரியில் ஒன்றை எடுத்துக் காலடியில் போட்டுக்கொள்ளலாம். தீபாவளி சமயத்தில் கோ-ஆப்டெக்ஸில் 30 சதவீதத் தள்ளுபடியில் வாங்கினால் இரண்டாவது கையைக் கடிக்காது. நான் அப்போது வாங்காமல் விட்டது என் சோம்பேறித்தனம்.

அம்மாவுக்கு மிங்க் கம்பளியைப் போர்த்திவிட்டேன். முதல் நாள், "நெஞ்ச அமுக்குதுய்யா, எருமைமாடு மேல படுத்த மாதிரி இருக்கு" என்றாள். அவ்வளவு கனத்தைப் போர்த்தியும் குளிருகிறது என்றாள், முதுகு சில்லிடுகிறதாம். முதுமை என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் பாயை எடுத்துவிட்டுக் கையை வைத்துப் பார்த்தால் டைல்ஸ் ஐஸ் மாதிரி இருக்கிறது. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று அவளே எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! குளிர் மேலேயிருந்து வரவில்லை, கீழேயிருந்துதான் உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டிருந்தது. ரோஜாப்பூவை நாலாக மடித்துப் பாய்க்கு அடியில் போட்டு, மேலே சென்னிமலையை இரண்டாக மடித்துப் போர்த்திவிட்டேன். மறுநாள் நான் கிளம்பும்போது குறட்டைச் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது.

மிங்க் கம்பளியில் இன்னும் சில தொல்லைகள் உண்டு. காற்று வறண்டதும் இருட்டில் உதறினால் பொறி பறக்கிறது, மகளுக்கு அது விளையாட்டு. வாளியில் துவைக்கவே முடியாது, தண்ணீர் குடித்தால் ஒரு ஆளால் தூக்க முடியவில்லை, மொட்டை மாடியில் காய இரண்டு நாள் ஆனது. ஆனால் கொடைக்கானல் மாதிரி இடத்துக்கு அதுதான் சரி. ஏழாயிரம் அடி உயரம், நமக்கு இங்கே வானம் திறந்தால் அங்கே புல்லில் உறைபனி நிற்கும். மச்சினன் காணும் பொங்கல் முடிந்து குடும்பத்தோடு போனபோது இரவல் வாங்கிப் போனான், அங்கே ராத்திரி இது இல்லாவிட்டால் செத்திருப்போம் என்றான். அந்த இரண்டு ராத்திரியும் அம்மா முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பருத்திப் போர்வைக்கு ஐந்துக்கு நாலு, சாயத்துக்காக ஒன்றைக் கழித்துவிட்டேன். மிங்க் கம்பளிக்குப் போர்த்திக்கொள்ள இரண்டு, விரித்துப் படுக்க நாலரை. 900க்குக் கிடைத்தால் இன்னும் கூட்டிப் போடலாம்.

மச்சினன் போன வாரம் மறுபடியும் கேட்டான், நண்பர்களோடு மலைக்குப் போகிறானாம். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பாயில் இருந்தபடியே சொல்லிவிட்டாள்: "மாசி இன்னும் கெடக்குய்யா. போய் வேன்ல வாங்கிக்கச் சொல்லு."