ஒரு சொல்லுக்கு ஒரு மாலை: நாமக்கல் ஆங்கிலப் பேச்சு வகுப்பு

லாரி பாடி கட்டும் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். வடநாட்டு வாடிக்கையாளர்களிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டியிருப்பதால் இந்த மாடி வகுப்பில் இரண்டு மாதம் படித்தேன்.

மனதில் நிற்பது ‘ஆர்ட்டிக்யுலட்’ என்ற சொல்லுக்காக மேடம் ஒதுக்கிய மாலைதான். ‘சரளமாகப் பேசுபவர்’ என்று அர்த்தம் சொன்னேன். “இல்லீங்க, அது ஃப்ளூயண்ட். தடங்கலில்லாம பேசறவங்க எல்லாருமே ஆர்ட்டிக்யுலட் ஆயிர மாட்டாங்க” என்றார். நினைத்ததைத் தெளிவாக, கோவையாகச் சொல்லத் தெரிந்தவருக்கே அந்தச் சொல். மூலம் லத்தீன், சிறு மூட்டு என்று பொருள். அப்புறம் ஜன்னல் வழியே கீழே போன டிரெய்லரைக் காட்டினார். இழுக்கும் வண்டியும் பின்பெட்டியும் மூட்டில் சேர்ந்து வளைகிற அந்த வண்டிக்கு பிரிட்டனில் ‘ஆர்ட்டிக்யுலேட்டட் லாரி’ என்று பெயர். பதினோரு வருடமாக அந்த இணைப்புத் தட்டுக்கு கிரீஸ் செலவு எழுதுகிற எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

வினைச்சொல்லாக வந்தால் கடைசி அசை ‘லேட்’ என்று நீளும்; ஆளைக் குறிக்கும்போது ‘லட்’ என்று குறுகும். ஒவ்வொருவரையும் எழுப்பிச் சொல்ல வைத்தார். கோபத்தில் வார்த்தை வராமல் திணறுபவர் ‘இன்ஆர்ட்டிக்யுலட்’. எங்கள் முதலாளி நினைவுக்கு வந்தார்.

குறை என்றால், கொடுக்கும் குறிப்புத் தாளில் உச்சரிப்பே இல்லை. கடைசி பெஞ்சுக்குச் சாலை இரைச்சல்தான் கேட்கிறது. சேர்பவர்கள் சீக்கிரம் போய் முன்வரிசையில் இடம் பிடித்துவிடுங்கள்.