டர்பனில் சொகுசு கன்வெர்டிபிள்: புதிதா, பழையதா?

டர்பனில் கூரையைத் திறந்து கார் ஓட்ட ஏற்ற காலம் கோடை இல்லை, குளிர்காலம். டிசம்பர், ஜனவரியில் வெயிலும் புழுக்கமும் சேர்ந்து ஆளைப் பிழிந்துவிடும். சாயங்காலம் ஆனால் இடியோடு மழை. மே முதல் ஆகஸ்ட் வரைதான் வானம் தெளிந்து, காற்று உலர்ந்து, பகல் பொழுது இருபது டிகிரி சொச்சத்தில் இதமாக இருக்கும். ஐரோப்பியப் பத்திரிகைகளின் விமர்சனங்களைப் படித்துவிட்டு இங்கே கன்வெர்டிபிள் வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கோட்டை விடுவது இதில்தான். வருஷத்தில் பெரும்பகுதி இந்தக் கார் கூரை மூடி, ஏசி போட்டுத்தான் ஓடப் போகிறது. அதனால் மூடியிருக்கும்போது அது நல்ல காராக இருக்க வேண்டும். திடீர் மழைக்குச் சட்டென்று மூடவும் வேண்டும். குதிரைசக்தியைப் பற்றிய பேச்செல்லாம் அப்புறம்.

இங்கே பேசப் போவது நாலு பேர் உட்காரும் சொகுசுக் கார்களைப் பற்றி மட்டும். பிள்ளைகள் ஜோஹனஸ்பர்க்கிலோ லண்டனிலோ வேலையில் இருக்கிறார்கள், வீட்டில் இரண்டு பேர், ஞாயிற்றுக்கிழமை எம்4 சாலையில் பாலிட்டோ வரை ஒரு சுற்று, எப்போதாவது பேரப்பிள்ளைகள் பின்சீட்டில், வருஷத்துக்கு ஒருமுறை என்3 நெடுஞ்சாலை ஏறி, உள்நாட்டு மேட்டுப் பகுதியான மிட்லாண்ட்ஸ் பக்கம். இப்படிப்பட்ட வாழ்க்கைக்கு. இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் தேடுகிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

முதலில் ஓர் எச்சரிக்கை. டர்பன் துறைமுகத்தை ஒட்டிய யார்டுகளில் ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்கள் வரிசையாக நிற்கும். விலையைக் கேட்டால் மனசு ஆடும். அவை ஜாம்பியா, ஜிம்பாப்வே போன்ற நாடுகளுக்குப் போகிற சரக்கு. பழைய கார்களை இறக்குமதி செய்து இங்கே பதிவு செய்ய, வெளிநாட்டில் இருந்து குடிபெயர்ந்து வருகிறவர்கள் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, தென்னாப்பிரிக்காவில் அனுமதி கிடையாது. ஆகவே பழையது என்றால், இந்த நாட்டில் புதிதாக விற்கப்பட்டு, இங்கேயே ஓடிய கார் மட்டும்தான். சந்தை சின்னதாக இருப்பதற்கும், நல்ல வண்டி வந்தால் சீக்கிரம் போய்விடுவதற்கும் இதுவே காரணம்.

புதியதில் என்ன இருக்கிறது?

அதிகம் இல்லை. மெர்சிடிஸ் தன் சி கிளாஸ், ஈ கிளாஸ் கேப்ரியோலே (கன்வெர்டிபிளுக்கு இன்னொரு பெயர்) இரண்டையும் நிறுத்திவிட்டு, 2023ல் சிஎல்ஈ என்று ஒன்றாக்கிவிட்டது. ஆடி ஏ5 கேப்ரியோலே 2024ஓடு முடிந்தது. புது ஏ5 வரிசையில் கூரை திறக்கும் மாடலே இல்லை. பி.எம்.டபிள்யூவில் 4 சீரிஸ் இருக்கிறது. அதற்கு மேலே போனால் விலை வேறு உலகம்.

சிஎல்ஈ, 4 சீரிஸ் இரண்டுமே பத்து லட்சம் ரேண்டைத் தாண்டியவை. அதில் எவ்வளவு இரும்பு, எவ்வளவு வரி என்று பார்த்தால் வயிறு எரியும். இறக்குமதித் தீர்வை தனி, விலை ஏற ஏற கூடிக்கொண்டே போய் 30 சதவீதம் வரை தொடும் சொகுசு வரி தனி, புகை வரி தனி, எல்லாவற்றின் தலையிலும் 15 சதவீத வாட். கன்வெர்டிபிளைத் தேடி வருகிறவர்கள் குறைவு என்பதால் முதல் சில வருஷங்களில் விலை இறங்குகிற வேகமும் அதிகம். அந்த நஷ்டத்தை முதல் உரிமையாளர் ஏற்றுக்கொள்ளட்டும் என்பதே என் கட்சி.

இருந்தாலும் புதிதாகத்தான் வேண்டும் என்றால் சிஎல்ஈ. அதன் துணிக்கூரை 20 வினாடியில் மூடும், 60 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே. 4 சீரிஸ் கூரை 18 வினாடி, 50 கிலோமீட்டர் வேகம் வரை. ஓட்டுகிற சுகம் கேட்டால் பி.எம்.டபிள்யூ ஒரு படி மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் நாம் கேட்பது உட்கார்ந்து போகிற சுகம். சிஎல்ஈயில் எனக்குப் பிடிக்காதது ஒன்று: ஏசி முதல் பாட்டு வரை பெரும்பாலானவற்றைத் தொடுதிரைக்குள் தள்ளிவிட்டார்கள். கூரை திறந்த காரில் நண்பகல் வெயில் திரையில் நேராக அடிக்கும்போது, தேடித் தடவுவது அலுப்பு.

பழையதில்தான் விஷயம்

இங்கே நாலைந்து வண்டிகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. மெர்சிடிஸ் ஈ கிளாஸ் கேப்ரியோலேயின் இரண்டு தலைமுறைகள்: 2010ல் வந்த ஏ207, 2017 முதல் 2023 வரை வந்த ஏ238. பி.எம்.டபிள்யூ 4 சீரிஸின் முந்தைய எஃப்33, அதற்கு அண்ணனான 6 சீரிஸ் எஃப்12. அப்புறம் ஆடி ஏ5.

மச்சான் எஃப்33 கட்சி. அதற்கு உலோகக் கூரை, மூன்று துண்டாக மடிந்து டிக்கிக்குள் போகும். "துணியைக் கத்தியால ஒரு கீறு கீறினா என்ன பண்ணுவே?" என்று கேட்பான். ரோபோவில் (இங்கே சிக்னலுக்கு அதுதான் பெயர்) நிற்கும்போது கண்ணாடியை உடைத்துப் பையைப் பிடுங்குகிற ஊரில் இது நியாயமான கேள்விதான். ஆனால் பிடுங்குகிறவன் உடைப்பது பக்கக் கண்ணாடியை. அது எல்லாக் காரிலும் கண்ணாடிதான். அதற்குப் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டலாம், பையைக் கீழே வைக்கலாம். துணிக்கூரையைக் கீறுகிறவனுக்கு அதனால் பெரிய லாபம் இல்லை.

உலோகக் கூரைக்கு எதிராக எனக்கு மூன்று வழக்குகள் உண்டு. எஃப்33 கூரை இயங்க வண்டி 18 கிலோமீட்டருக்குக் கீழே வர வேண்டும். என்2 நெடுஞ்சாலையில் உம்ஷ்லாங்கா தாண்டும்போது கருமேகம் திரண்டால் ஓரம் கட்டி நிறுத்தாமல் வேறு வழியில்லை. இந்த ஊரில் நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்பதை யாரும் விரும்புவதில்லை. இரண்டாவது, டிக்கி. கூரை மூடியிருந்தால் 370 லிட்டர், திறந்தால் 220. இரண்டு பேரின் வாரக்கடைசிப் பெட்டிகளே திணறும். மூன்றாவது, வயசு. இணைப்புகள், மோட்டார்கள், ஹைட்ராலிக் குழாய்கள், துண்டுகளுக்கு இடையே ஓடும் ரப்பர் பட்டைகள், இவை எல்லாம் கடற்கரை உப்புக்காற்றில் பத்து வருஷம் இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பி.எம்.டபிள்யூவே அடுத்த தலைமுறையில் துணிக்குத் திரும்பியது, கூரை எடை 40 சதவீதம் குறைந்தது என்று பெருமையும் பேசியது. மச்சானுக்கு இதற்கு மட்டும் பதில் வரவில்லை. எஃப்33ஐயே வாங்குவதானால் 2016க்குப் பிந்தைய பி48 எஞ்சின் உள்ளதாகப் பார்க்கவும். அதற்கு முந்தைய என்20 நாலு சிலிண்டரில் டைமிங் செயின் தேய்மானம் பேர் போன நோய்.

6 சீரிஸ் அழகு. பார்த்தால் கப்பல் மாதிரி நீளமாக, அலட்டல் இல்லாமல் நிற்கும். துணிக்கூரை, 40 கிலோமீட்டர் வேகம் வரை இயங்கும். பின் கண்ணாடியைத் தனியாக இறக்கிக்கொள்ளலாம், கூரை மூடியிருக்கும்போதே காற்றோட்டம் கிடைக்கும், புழுக்கமான மாலைக்கு அருமையான யோசனை. நெடுந்தூரத்துக்கு இந்தப் பட்டியலிலேயே அதுதான் ராஜா. ஆனால் 650i பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். அதன் என்63 வி8 எஞ்சினில் டர்போக்கள் இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவே உட்கார்ந்து சூட்டில் வேகும், எண்ணெய் குடிக்கும், சீல்கள் காய்ந்து போகும். ஆறு சிலிண்டர் 640i அதைவிட எவ்வளவோ சாது. 2018ல் நின்றுபோன கார் என்பதால் பி.எம்.டபிள்யூவின் பராமரிப்புத் திட்டமான மோட்டார்பிளான் காலமும் முடிந்திருக்கும். ஒவ்வொரு பில்லும் உங்கள் கையிலிருந்துதான். பின்சீட்டு பேருக்குத்தான் பின்சீட்டு.

ஆடி ஏ5 பற்றி யாரும் ஆர்ப்பாட்டமாகப் பேசுவதில்லை. ஆனால் கூரை விஷயத்தில் அதுதான் கெட்டிக்காரன்: 15 வினாடியில் திறக்கும், 18 வினாடியில் மூடும், 50 கிலோமீட்டர் வேகம் வரை, திறந்தாலும் டிக்கியில் 320 லிட்டர் மிஞ்சும். 2017க்குப் பிந்தையதைத்தான் சொல்கிறேன். முந்தைய தலைமுறையின் ஆரம்பகால 2.0 டர்போ எண்ணெய் விழுங்கும். குறை என்றால் பின்சீட்டில் கால் நீட்ட இடம் சுருக்கம், சஸ்பென்ஷன் குழிகளைக் கொஞ்சம் முதுகுக்குச் சொல்லும்.

இனி ஈ கிளாஸ். ஏ207 பேருக்கு ஈ, அடித்தளம் சி கிளாஸினுடையது. விலை மலிவு, தோற்றம் இன்னும் எடுப்பு. 2013ல் முகம் மாற்றிய பிறகு வந்ததை எடுத்தால் நல்லது. அதற்கு முந்தைய நாலு சிலிண்டர் எம்271 எஞ்சினில் செயின் தளர்ந்து இரைச்சல் போடும் கதைகள் நிறைய. ஏ238 வேறு பிறவி. சக்கர இடைவெளியே 2,760 மில்லிமீட்டரிலிருந்து 2,873 ஆனது. பின்சீட்டில் வளர்ந்தவர்கள் நிஜமாகவே உட்காரலாம். துணிக்கூரை பல அடுக்கு; மூடினால் 120 கிலோமீட்டர் வேகத்தில் பேச்சுக் குரலை உயர்த்த வேண்டியதில்லை. 20 வினாடி, 50 கிலோமீட்டர் வேகம் வரை. டிக்கி 385 லிட்டர், திறந்தால் 310.

இதற்கு மேல் ஏர்கேப். முன்கண்ணாடிச் சட்டத்தின் உச்சியில் ஒரு பட்டை எழும்பும், பின்சீட்டுக்குப் பின்னால் ஒரு வலை நிமிரும். காற்று தலைக்கு மேலே தாவிப் போய்விடும். பார்க்க அசிங்கம்தான், யாரும் மறைக்க முடியாது. ஆனால் பி.எம்.டபிள்யூவின் காற்றுத் தடுப்பை மாட்டினால் பின்சீட்டையே மூடிவிடும். இதில் நாலு பேரும் உட்காரலாம். தலையில் மல்லிகைச் சரத்தோடு மவுண்ட் எட்ஜ்கம் கோயிலுக்குக் கிளம்பும் அம்மா பின்சீட்டில் இருந்தால் வித்தியாசம் புரியும். கழுத்துக்குச் சூடு ஊதும் ஏர்ஸ்கார்ஃப் டர்பனில் ஆடம்பரம். ஜூலை மாதம் காலையில் மிட்லாண்ட்ஸில் தேவாமிர்தம்.

ஏ238லும் கவனிக்க வேண்டியவை உண்டு. காற்று சஸ்பென்ஷன் உள்ளது மிதக்கும், ஆனால் வயசானால் பைகள் கசியும். ஸ்பிரிங் உள்ளதே போதும். இருபது அங்குலச் சக்கரம் வேண்டாம், பதினெட்டு போதும். நம் சாலைக் குழிகளுக்கு டயரின் சதைதான் மருந்து. நாலு சிலிண்டர் பெட்ரோல் நிதானமானவர்களுக்குத் தாராளம். ஈ400இன் வி6 இரட்டை டர்போ, 245 கிலோவாட், வான் ரீனன் கணவாய் ஏறும்போது மூச்சே வாங்காது. டீசல் வேண்டாம்; கூரையைத் திறந்து ரோபோவில் நிற்கும்போது அந்தக் கடகடப்பு நேராகக் காதுக்குள் வரும்.

கரும்புச் சாம்பலும் வெள்ளமும்

வடகரையில் இருக்கிறவர்களுக்கு ஒரு கூடுதல் தொல்லை. கரும்பு ஆலைகள் ஓடும் காலம் ஏறக்குறைய ஏப்ரல் முதல் டிசம்பர் வரை, அதாவது நாம் கூரை திறக்க ஆசைப்படும் அதே மாதங்கள். வயலை எரித்ததும் டோங்காட், வெருலம் பக்கம் கரிய சாம்பல் இழைகள் மிதந்து வந்து உட்காரும். கையால் துடைத்தால் மை பூசிய மாதிரி ஆகிவிடும். ஊதியோ வேக்குவம் போட்டோதான் எடுக்க வேண்டும். கிரீம் நிறத் தோல் சீட்டும் வெளிர் கூரையும் படத்தில் பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். கறுப்பு அல்லது கரும்பழுப்பு எடுங்கள். வெயிலில் சுடுமே என்றால், சூட்டைத் திருப்பி அனுப்பும்படி பதனிட்ட தோல் மெர்சிடிஸிலும் பி.எம்.டபிள்யூவிலும் உண்டு.

பழைய வண்டி பார்க்கப் போகும்போது எஞ்சினைவிடக் கூரைக்கு நேரம் கொடுங்கள். மூன்று முறை திறந்து மூடச் சொல்லுங்கள். தயங்கினாலோ, ஒரு பக்கம் முந்தினாலோ, பம்ப் முனகினாலோ காரணம் தெரியாமல் காசு கொடுக்காதீர்கள். டிக்கிக் கம்பளத்தைத் தூக்கி அடியில் கைவைத்துப் பாருங்கள். தண்ணீர் வெளியேறும் துளைகள் இலைதழையால் அடைபட்டால் அது டிக்கிக் குழியில்தான் தேங்கும். கூரையின் பம்பும் மின்பெட்டிகளும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் எத்தனையோ கைமாறியிருக்கலாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக்கோடு அங்கே ஒளிந்திருக்கும். பதிவுப் பத்திரத்தில் கோட் 3 என்று இருந்தால் அது அடிபட்டுத் திரும்பக் கட்டிய வண்டி. விலை எவ்வளவு இறங்கினாலும் கன்வெர்டிபிளில் அது வேண்டாம். கூரை இல்லாத உடலுக்கு அடித்தளம்தான் முதுகெலும்பு.

டீலரிடம் வாங்கினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறைக்குப் பழுதுபார்ப்போ, மாற்றுப் பொருளோ, பணமோ கேட்கலாம். தனியாரிடம் ஃபூட்ஸ்டூட்ஸ் என்று எழுதி வாங்கினால் உள்ளது உள்ளபடிதான். வித்தியாசம் சில ஆயிரம் ரேண்ட் என்றால் டீலரே மேல். இன்சூரன்ஸ் விலையைக் காரைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வண்டி இருக்கும் இடத்தைக் காட்டும் டிராக்கர் கட்டாயம் என்பார்கள்.

என் வரிசை இதுதான். கடைசிக் காலத்து ஏ238, முடிந்தால் 2021க்குப் பிந்தையது, முதலிடம். மெர்சிடிஸின் பராமரிப்புத் திட்டம் ஐந்து வருஷம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர். 2023ல் பதிவான கார் என்றால், கிலோமீட்டர் தாண்டாதவரை 2028 வரை ஓடும், முடிவதற்குள் நீட்டிக்கவும் விசாரிக்கலாம். அது அகப்படவில்லை என்றால் ஆடி ஏ5. எப்போதும் இரண்டே பேர்தான், வீட்டில் வேறொரு கார் இருக்கிறது, ஒர்க்‌ஷாப் செலவுக்கு ஒரு தொகை தனியாக எடுத்து வைக்க முடியும் என்றால் மட்டும் 640i. புது சிஎல்ஈ அதற்கும் பின்னால். எஃப்33ஐ நான் பட்டியலிலேயே சேர்க்கவில்லை, மச்சான் வாங்கப் போவது என்னவோ அதைத்தான்.