அடுக்குவதா, மெகாவுக்கு மாறுவதா, நானோவில் சோல்டர் செய்வதா?

வாவிக்கரை இறால் குளமொன்றின் நீர்மட்டத்தை நேரத்தோடு எஸ்டி அட்டையில் பதிந்து, ஈதர்நெட் வழியே அனுப்பி, சிறிய மதகுக் கதவொன்றையும் மோட்டரால் திறக்கும் கருவியைச் செய்ய விரும்பும் மட்டக்களப்பு மாணவருக்கு மூன்று வழிகள் உள்ளன. நிரலெழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகையான ஆர்டுயினோ ஊனோவின் மேல், ஷீல்டுகள் எனப்படும் துணைப் பலகைகளை அடுக்கலாம். அதே அடுக்கை ஆர்டுயினோவின் பெரிய பலகையான மெகா 2560 மேல் ஏற்றலாம். அல்லது சிறிய ஆர்டுயினோவான நானோவையும், ஒவ்வொரு வேலைக்குமான தனித்தனி மொடியூல்களையும் துளைகள் நிறைந்த புள்ளிப் பலகையில் சோல்டர் செய்யலாம்.

ஊனோ அடுக்கு கண்ணுக்கு எளிது. ஆனால் ஷீல்டுகள் ஒன்றோடொன்று பொருந்துவதால் மட்டும் அவை சேர்ந்து இயங்கிவிடும் என்று நம்பக்கூடாது. ஈதர்நெட் ஷீல்டும் எஸ்டி அட்டையும் எஸ்.பி.ஐ என்னும் தரவுத் தொடர்பு வழியில், அதாவது ஊனோவின் 11, 12, 13 ஆம் முனைகளில் பேசுகின்றன. ஆர்டுயினோவின் மோட்டர் ஷீல்டோ அதே மூன்று முனைகளையும் மோட்டரின் திசைக்கும் வேகத்துக்கும் எடுத்துக்கொள்கிறது. இந்த மோதலை நிரலால் தீர்க்க முடியாது. தரவுப் பதிவு ஷீல்டு ஒன்றையும் சேர்த்தால், அதுவும் ஈதர்நெட் ஷீல்டும் எந்தச் சாதனத்தோடு பேசுவது என்று காட்டும் தெரிவு முனையாக 10ஐயே கேட்கும். அதையாவது ஷீல்டிலுள்ள ஒரு செப்புத் தடத்தை வெட்டி வேறு முனைக்கு மாற்றலாம். உயரமும் ஒரு தடை: ஈதர்நெட் செருகி, பலகைகளை இணைக்கும் வழமையான ஹெடரைவிட உயர்ந்திருப்பதால், மேலே வரும் ஷீல்டுக்கு நீண்ட ஹெடர் வேண்டும்.

மெகா இதில் உண்மையாகவே உதவுகிறது. அதன் எஸ்.பி.ஐ 50 முதல் 52 வரையான முனைகளில் இருப்பதாலும், ஈதர்நெட் ஷீல்டு அதை நடுவிலுள்ள ஆறு முனைச் செருகியிலிருந்து பெறுவதாலும், மோட்டர் ஷீல்டு 11, 12, 13ஐத் தடையின்றிப் பயன்படுத்துகிறது. எஸ்டி அட்டைக்கு மட்டும் 512 பைட் இடைநினைவு தேவைப்படும் நிலையில், ஊனோவின் 2 கிலோபைட்டுக்குப் பதிலாக 8 கிலோபைட் நினைவகம் கிடைப்பது பெரிய ஆறுதல். எனினும் எஸ்.பி.ஐயை 11, 12, 13இலிருந்தே எடுக்கும் பழைய ஷீல்டுகள் மெகாவில் அப்படியே இயங்கமாட்டா.

நானோவில் இருப்பது ஊனோவின் அதே ஏடிமெகா328 சில்லுதான். ஆகவே நினைவக நெருக்கடி மாறாது. மோட்டர் ஷீல்டிலுள்ள அதே எல்298 சில்லு தனி மொடியூலாகக் கிடைப்பதால், அதற்கான முனைகளை நாமே தெரிவு செய்யலாம். நானோவின் முனைகள் புள்ளிப் பலகையில் நேராக அமரும்; ஊனோவில் 7க்கும் 8க்கும் இடையிலான இடைவெளி ஒழுங்கற்றது என்பதால் அதற்கு அந்த வசதி இல்லை. பரவலான நேரங்காட்டி மொடியூல்களும் எம்.பி.யூ6050 அசைவுணரியும், ஐ2சி என்னும் இரு கம்பித் தொடர்பு வழியில் 68 (பதினாறடிமான எண்) என்ற ஒரே முகவரியைக் கொண்டவை. இரண்டையும் இணைப்பவர் உணரியை 69க்கு மாற்ற வேண்டும்.

வகுப்பறைக்கு மெகா அடுக்கையே பரிந்துரைப்பேன். கல்லடி போன்ற கடலோரத்தில் நிரந்தரமாக வைப்பதற்கு அதைச் சொல்லமாட்டேன், ஏனெனில் அடுக்கின் ஒவ்வொரு தட்டும் அழுத்தத்தால் மட்டும் தொடும் இணைப்புகளைக் கூட்டுகிறது. உப்புக் காற்றும் மாரியின் ஈரமும் முதலில் தாக்குவது அவற்றைத்தான். அங்கே, ஈதர்நெட்டைக் கைவிட்டு அட்டையில் பதிவதோடு நிறுத்திக்கொண்டாலும், சோல்டர் செய்து பூச்சிட்ட நானோவே என் தெரிவு. வயர் வரைபடத்தைப் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டிவைக்க வேண்டும். பின்னர் திருத்த வருபவருக்கு வேறு வழிகாட்டி இராது.